நரி திரும்பி வந்ததா?

பழைய சீனக் கதைகளில் ஆராய்ச்சி செய்கிறேன் என்று கள்ளக்குறிச்சியில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி, "சீன பாஷை தெரியுமாங்க?" என்பதுதான். தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கிறேன் என்றதும், டூப்ளிகேட் சாமான் விற்க வந்தவளைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

தனியார் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டே வருடக்கணக்கில் இந்த வேலையைச் செய்ததில், முனைவர் பட்டத்துக்கு முன்னால் இடுப்புவலி வந்து சேர்ந்தது. வந்தது போகவே இல்லை. நின்றால்தான் ரொம்ப மோசம். சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லோரும் எழும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். விசுவாசத்தில் ஏதாவது தளர்ச்சியா என்று விசாரிக்கப் போதகரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் வாய்மொழித் தேர்வு நெருங்கியது. மேடையில் நின்று ஆய்வை விளக்க வேண்டும், கேள்விகளுக்கும் நின்றே பதில் சொல்ல வேண்டும். "உக்காந்து பதில் சொன்னா நல்லா இருக்காதும்மா" என்று நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அத்தனை வருட உழைப்பும் கடைசியில் என் இடுப்பை நம்பித்தான் இருந்தது. எனக்கு நிஜமாகவே பயம்.

பிசியோதெரபிக்குப் போனேன். கட்டில்களுக்கு நடுவே பச்சைத் திரை உண்டு. பேச்சுக்குத் தடை இல்லை. ஒரு பக்கம் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். கல்வராயன் மலை வளைவுகளில் நின்றே முதுகைத் தேய்த்தவர். இன்னொரு பக்கம் வடக்கனந்தலிலிருந்து வரும் கரும்பு வெட்டும் அம்மா. அவருக்கு முட்டிவலி.

பிசியோதெரபி பார்க்கும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இது பழைய வலிங்க. முழுசா போயிடும்னு நான் சொல்லமாட்டேன். வலி இருந்தாலும் நிக்கலாம், நடக்கலாம். அதுக்குத்தான் பயிற்சி."

எங்கள் மூவருக்குமே அது பிடிக்கவில்லை. "கரண்டு வெச்சா சொகமா இருக்குது. இந்தக் கால மடக்கி நீட்டறதுக்கு நான் நாளைக்கி வர்ல" என்றார் கரும்பு அம்மா.

கண்டக்டர் என் ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தார். பாஷைக் கேள்வி வருவதற்குள் ஒரு கதையை ஆரம்பித்துவிட்டேன். பரீட்சையில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் ஏழைப் படிப்பாளி. குனிந்து படித்தே முதுகு போய்விட்டது. ஒரு நரி பெண்ணாக மாறி வந்து அவனைக் கட்டிக்கொள்கிறது. அவள் கை பட்டால் வலி பறந்துவிடும். மறுபடியும் பரீட்சை வருகிறது. அன்று காலை எழுந்து பார்த்தால் அவளைக் காணவில்லை.

"டைம் ஆயிடுச்சு, எழுந்து நடங்க" என்றாள் பிசியோதெரபி பெண்.

"அப்பறம் இன்னா ஆச்சு டீச்சர்?" திரைக்குப் பின்னாலிருந்து கரும்பு அம்மா.

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் கரும்பு அம்மா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சந்தையில் கதை சொன்ன சீனர்கள் சரியான இடத்தில் நிறுத்தித்தான் கூட்டத்தை மறுபடி வரவழைத்தார்கள் என்று நான் ஓர் இயல் முழுக்க எழுதியிருந்தேன். அது வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். படிப்பாளியை நரியைத் தேடி மலைமலையாக ஏறவிட்டேன். எத்தனையாவது வளைவு என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டே இருந்ததில், சீனத்து மலை கல்வராயன் மலையாகிவிட்டது. "நரி வரணும்னா மொதல்ல கால மடக்குங்க" என்று பிசியோதெரபி பெண்ணும் கதையில் சேர்ந்துகொண்டாள். கரும்பு அம்மா முனகிக்கொண்டே மடக்குவார்.

கதையின் முடிவு எனக்குத் தெரியும். அதை அந்த அறையில் சொல்ல மனசு வரவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. வழக்கத்தில் சக ஆசிரியர்கள் லட்டுக்கும் மிக்சருக்கும் வருவார்கள். அவர்களில் இரண்டு பேர், நெறியாளர் முன்பே சொல்லி வைத்த சுலபமான கேள்வியைக் கேட்பார்கள். விதியைப் பற்றி மட்டும் பிசியோதெரபி அறையில் சொல்லியிருந்தேன். தேர்வன்று கடைசி வரிசையில் கண்டக்டர், பக்கத்தில் நல்ல புடவையில் கரும்பு அம்மா.

விளக்கி முடிப்பதற்குள்ளேயே இடுப்பு கொதித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஏற்பாட்டுக் கேள்விகள் இரண்டுக்கும் பதில் சொன்னேன். இன்னும் கொஞ்சம்தான் என்று நினைக்கும்போது, சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் மரியாதைக்காக, "வேறு யாராவது?" என்றார்.

கண்டக்டர் எழுந்தார். "அந்த நரி திரும்பி வந்துச்சாங்களா? அவுருக்கு வலி போச்சா?"

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வரலைங்க. வலியும் போகல. வலியோடவே போய்ப் பரீட்சை எழுதினாரு."

கண்டக்டர் உட்காரவில்லை. "பாஸ் பண்ணாரா?"

கதையில் அது இல்லை. நான் தேர்வாளரைக் காட்டினேன். "அதை சார்தான் சொல்லணும்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பாஸ்" என்றார்.

வலி அப்படியேதான் இருந்தது. நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அழுகை வந்துவிட்டது.

எல்லாம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது கரும்பு அம்மா எனக்கு முன்னால் போனார். ஒரு கையில் லட்டு, இன்னொரு கையில் மிக்சர். கைப்பிடிச் சுவரைப் பிடிக்கவே இல்லை. கீழே போய்த் திரும்பி என்னை முறைத்தார்.

"நரி வராதுன்னு மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா, நான் வந்தே இருக்கமாட்டன் டீச்சர்."