மண்ணுக்குள் தெற்கு

அக்கா கூப்பிட்டபோது காலை ஏழு மணி இருக்கும். துடியலூரில் என் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சென்னையில், மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு, எறங்கிட்டேன். படிக்கட்டு தானா நகருது. நான் சும்மா நின்னேன், கொண்டாந்து உட்டுருச்சு. இப்ப எந்தப் பக்கம்?"

இரவு கோவையில் வண்டியேறி விடியலில் சென்ட்ரலில் இறங்கியிருந்தாள். அங்கிருந்து சுரங்க ரயில் பிடித்துத் தூதரகம் போகவேண்டும். ஏழரைக்கு விசா நேர்காணல். அமெரிக்காவில் மகளுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. போன தடவை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கூடப் போயிருக்கவேண்டியவன் நான். ஆனால் சென்னைப் பயணமே எனக்குச் சலித்துப்போயிருந்தது. "அந்த ஸ்டேஷன் எனக்கு மனப்பாடமுங்க்கா, போன்லயே கூட்டிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மனப்பாடம் என்றது பொய்யில்லை. அது வெறும் பள்ளமாக இருந்தபோதே அதை எனக்குத் தெரியும். புத்தக வேலையாக அடிக்கடி சென்னை போன வருடங்கள் அவை. சென்ட்ரலை விட்டு வெளியே வந்தால் தகர வேலி. போன முறை நடந்த பாதை இந்த முறை இருக்காது. வேலி இடுக்கில் கண் வைத்தால் ஆழத்தில் சாம்பல் நிறச் சேறு, சேற்றில் மஞ்சள் தொப்பிகள், எப்போதும் இரைகிற ஒரு மோட்டார். ஊரே வயிறு கிழிந்து கிடப்பதுபோல் இருக்கும். பிறகொரு முறை போனால் வேலியைக் காணோம். கீழே இன்னோர் ஊர் இருந்தது. முதலில் டிக்கெட் கவுண்டர்கள் உள்ள பெருங்கூடம். அதற்கடியில் ஒரு ரயில் பாதை. அதற்கும் அடியில், குறுக்காக, இன்னொன்று. வெயிலைக் கேள்விப்பட்டேயிராத குளிர். எங்கள் ஊருக்கும் மெட்ரோ வரும் என்கிறார்கள், அது தூண்மேல்தானாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இடது வலது நாக்கில் வராது. பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடமும் "தெக்கால கொஞ்சம் நவுந்துக்குங்க" என்போம். மறந்து வைத்த மூக்குக்கண்ணாடி மேசையின் மேற்கு ஓரத்தில்தான் இருக்கும். சூரியனில்லாத இடத்துக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோனோம்.

"எந்தப் பக்கம் பாத்து நிக்கறீங்க்கா?"

"கெழக்கால பாத்துத்தான்."

"பூமிக்குள்ள கெழக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"ரயிலு கெழக்க பாத்துத்தான வந்துச்சு? நான் திரும்பவே இல்லை."

"படிக்கட்டு திருப்பியிருக்குமுங்க்கா."

"என்னைக் கேக்காம அது எப்படித் திருப்பும்?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

"சரி, படிக்கட்டுக்கு முதுகு காட்டி நில்லுங்க. மூஞ்சிக்கு நேரா தெக்கு. கீழ எறங்கி, அந்தப் பக்கம் போற வண்டியில ஏறிக்குங்க."

"போர்டுல அம்பு வேற பக்கம் காட்டுதே கண்ணு."

"அம்பு கெடக்குதுங்க்கா. நான் சொல்றதைக் கேளுங்க."

"நீ சொன்னாச் சரி."

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். "கண்ணு, வண்ணாரப்பேட்டைன்னு சொல்றாங்க. பக்கத்துல ஒரு அம்மணி சொல்லுது, நான் வடக்க போயிட்டிருக்கறனாம்."

அப்போதுதான் புரிந்தது. அந்தப் படிக்கட்டுகளில் சுற்றிச் சுற்றி இறங்கியதில், எத்தனையோ வருடமாக எனக்குள் வடக்கும் தெற்கும் இடம் மாறிக் கிடந்திருக்கின்றன. அங்கே போனபோதெல்லாம் நான் அம்புக்குறியைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறேன். அதனால் தெரியவேயில்லை. அவளோ அம்புக்குறியை விட்டுவிட்டு என்னை நம்பினாள்.

இறங்கி, எதிர்வண்டி பிடித்து, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது இருபது நிமிடம் தாமதம். வாசலில் கடிந்துகொண்டாலும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு மேல் அழைப்பு வந்தது.

"பாஸ்போர்ட்டைக் கையிலயே குடுத்துட்டாங்க கண்ணு."

விசா உண்டு என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் திரும்பி வந்தால் இல்லை என்று அர்த்தம்.

"நேரமாயிட்டதுனாலயாங்க்கா?"

"அதைப் பத்திப் பேச்சே இல்லை. திரும்பி வந்துருவீங்களான்னு கேட்டுச்சு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த பொண்ணு. ஊட்ல மாடு கெடக்குது, வராம அங்கெதுக்கு இருக்கறேன்னேன். நல்லாச் சிரிச்சுது. சிரிச்சுட்டே குடுத்துருச்சு."

நானும் கூடப் போயிருக்கவேண்டும். அவள் பக்கம் பேருந்துகள் இரைந்தன.

"ரோட்டுல நிக்கறேன். வெயிலு மூஞ்சில அடிக்குது. இதுதான் கெழக்கு, இல்ல?"

"ஆமாங்க்கா."

"ஏங்கண்ணு, புள்ள இருக்கற ஊரு இங்கிருந்து கெழக்கயா, மேக்கயா?"

"ரெண்டு பக்கமாவும் போலாமுங்க்கா."

"அப்ப நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கறது?"