பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கியும் வராத பாஸ்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் மார்க்கையன்கோட்டையில் பாதிக் கிணற்று மோட்டார்களுக்கு என் கையால் இணைப்புக் கொடுத்தவன். வீட்டில் இருந்த இரண்டு ஸ்பீக்கரிலும் பாஸ், அதாவது அதிரும் அடித்தொனி, எடுபடவில்லை என்று பழைய ஆம்ப்ளிஃபயரை மாற்றத் தேனிக்குப் போனேன்.

"உங்க ஸ்பீக்கருக்குச் சின்னதே போதும்யா" என்றார் கடைக்கார அம்மா.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு, இருந்ததிலேயே பெரியதை வாங்கி வந்து நானே மாட்டினேன். சத்தம் காதைப் பிளந்தது. பாஸ் மட்டும் வரவில்லை. மறுநாள் கடையேறி, "இவ ஏமாத்துக்காரி" என்று கத்தினேன். சாமான் வாங்க நின்றவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த அம்மா வாக்குவாதம் செய்யாமல் என் வீட்டுக்கே வந்து ஸ்பீக்கர்களின் பின்னால் குனிந்து பார்த்தார்.

"ஒன்னுல மட்டும் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாத்திக் குடுத்திருக்கீக. இது காத்தைத் தள்ளும்போது அது இழுக்குது. பாஸ் எங்கிட்டு வரும்?"

"மோட்டார்ல வயர் மாறுனா திருப்பிச் சுத்திக் காட்டிக் குடுத்துரும். இது அது பாட்டுக்குப் பாடுச்சு" என்றேன்.

"பழைய ஆம்ப்ளிஃபயர்லயும் இப்பிடித்தேன் மாட்டியிருந்தீகளா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வயரை மாற்றியதும் பாஸில் தரை அதிர்ந்தது.

"கடையில கத்துனீகளே, அதுக்கு என்ன செய்யப் போறீக?" என்றார்.

சந்தை நாளில், கடை நிரம்பியிருந்தபோது போய் நின்று சொன்னேன்: "தப்பு என்னுது. இந்தம்மா சொன்னதுதேன் சரி." ஒருவன் சிரித்தான்.

"ஏலே, நீ ஒரு வயரையாவது தொட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

ஊர் இன்னும் சிரிக்கிறது, சிரிக்கட்டும். நான் தலைகுனியவில்லை. கூட்டத்தில் சுமத்திய பழியைக் காதோரம் போய் இறக்கி வைக்க முடியாது.