ஈர்க்குத் தண்டவாளம்

முதல் தேர்வில் என் கணவர் இரண்டு ரயில்களை நேருக்கு நேர் மோதவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. மேஜைமேல் ஓடுகிற, கைக்கு அடங்குகிற ரயில்கள்தான். உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு வருகிறவர்களைச் சோதிப்பதற்காகப் பட்டணத்தில் ஒரு ஹால் நிறைய மாதிரி ரயில் பாதை போட்டு வைத்திருந்தார்கள். தேர்வாளர் எழுந்து வந்து, இரண்டு எஞ்சின்களையும் தூக்கி, மூக்கோடு மூக்கு உரசவைத்து இவர் முன்னால் நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு தடவை வரலாம். அதுக்கு மேல கிடையாது" என்றாராம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருத்தணி ஸ்டேஷனில் இவர் தந்தி குமாஸ்தா. இரவு முழுக்கக் கடகடவென்று தந்திக் கருவி பேசுவதைக் கேட்டுவிட்டு விடியலில் வீட்டுக்கு வருவார். விதிப் புத்தகம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் மாவாட்டிக்கொண்டே கேள்வி கேட்பேன். முகம் கழுவிக்கொண்டே பதில் சொல்வார். ஒரு சொல் பிசகாது. அப்படிப்பட்டவர் எப்படித் தோற்றார் என்று எனக்கு விளங்கவில்லை.

"லைன்ல வண்டி நின்னுகினு இருந்தது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இன்னொண்ண அனுப்பச் சொன்னீங்க?"

மச்சு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. "பெரியவரு. பாஸ்டர் மாதிரி இருந்தாரு. 'தம்பி, ஜனங்க வெயில்ல காத்துகினு இருக்காங்க, அனுப்பட்டா?'ன்னு கேட்டாரு. வாயி தானா 'ஆங், அனுப்புங்க'ன்னுடிச்சி."

அடுப்படியிலிருந்து என் மாமியார் எட்டிப் பார்த்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவர். குரலில் இன்னும் வார்டு ஓயவில்லை. "இவனோட நைனா இவனுக்கு மேல. கொட்டுற மழைல குடைய இரவல் குடுத்துட்டு நனைஞ்சிகினு வந்த மனுசன்" என்றார்.

உண்மைதான். கேட்டவருக்கு மறுக்கத் தெரியாத மனிதர் இவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்தவர் டூட்டியை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார். ஆடிக் கிருத்திகையன்று யாரோ ஒரு பெண், "இந்தாங்க சார், செத்த புடிங்க" என்று கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுக் காவடியோடு மலையேறிவிட்டாள். சாயங்காலம் அவள் இறங்கி வரும்வரை இவர் குழந்தையும் கையுமாகத் தந்தி அடித்தார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ரயில் பாதை சிரிக்காது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒற்றைப் பாதை. அதில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. பக்கத்து ஸ்டேஷன் மணியடித்து "அனுப்பட்டுமா?" என்று கேட்கும். பாதை காலியென்றால் வரச் சொல்லலாம். இல்லையென்றால், கேட்பவர் கவர்னரே ஆனாலும், இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் என்பவர் அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம் வாங்குகிறார்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. திருத்தணியில் பிறந்து திருத்தணியிலேயே வாழ்க்கைப்பட்டவள். மலையைச் சுற்றி மேகம் நகர்ந்தால் கூடவே என் மனசும் நகரும். வண்டி ஊதினால் கையிலிருக்கும் கரண்டி நின்றுவிடும். வடக்கே பொன்பாடி, நகரி, புத்தூர் என்று அந்தப் பாதை போகிறதே, அதில் எங்கேயாவது ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு குவார்ட்டர்ஸ், வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் முடிவில்லாத தண்டவாளம்! அந்த ஆசைக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒரே ஒரு தேர்வு நின்றது.

"இங்கயே ஒரு ரயில் போடலாம்" என்றேன்.

"எங்க?"

"மேல. மச்சில."

எங்கள் வாடகை வீட்டுக்கு ஓட்டுக்கூரை. அதன் கீழே பலகை போட்ட மச்சு. நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். ஓரங்களில் தவழத்தான் வேண்டும். வீட்டுக்காரர் வேர்க்கடலை மூட்டை போட்டுவைக்கிற இடம் அது. அறுவடை வரை காலி. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழுகிற வெயில் சதுரம் காலையில் மேற்குச் சுவரில் தொடங்கி, பலகை பலகையாக ஊர்ந்து, சாயங்காலம் கிழக்குச் சுவர் ஏறி மறையும். எங்களுக்குக் கடிகாரம் அதுதான்.

தண்டவாளத்துக்குத் தென்னை ஈர்க்கு. மாமியாரின் துடைப்பம் நாளுக்கு நாள் இளைத்தது. "பெருக்கினா குப்பை சிரிக்குது" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அவரே ஈர்க்கு சீவிக் கொடுத்தார். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசையில் ஈர்க்குகள் பலகையோடு இறுகிக்கொண்டன. சக்கரத்துக்கு, ஆர்.கே.பேட்டை நெசவாளர் வீடுகளிலிருந்து உடைந்த நூல்கட்டைகளை வாங்கி வட்டம் வட்டமாக அறுத்தோம். எஞ்சின்களுக்கு இரண்டு பவுடர் டப்பா. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி சிக்னல் கை. அதற்குச் சிவப்பு வேண்டுமே! வேடிக்கை பார்க்க ஏறி வந்த வீட்டுக்காரர் மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். மலைக்கோயில் குங்குமம். எண்ணெயில் குழைத்தால் நன்றாக ஒட்டும் என்றார். மாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சுவரில் இல்லாத ஒன்றைக் கவனமாகப் பார்த்தார். சிக்னல் சிவந்தது.

ஏணித் தலைப்பில் அரக்கோணம். கண்ணாடி ஓட்டுக்குக் கீழே திருத்தணி. முறம் தொங்குகிற மூலையில் பொன்பாடி. அரக்கோணத்துக்கு என் மாமியார், பொன்பாடிக்கு நான், நடுவில் இவர். ஆளுக்கொரு வெண்கலக் கிண்ணமும் கரண்டியும். இரண்டு தட்டு தட்டினால், "அனுப்பட்டுமா?" வைக்கோல் முறுக்கிச் செய்த குட்டிச் சும்மாடு ஒன்றில் புளியங்கொட்டையைத் துணியில் முடிந்து கட்டினோம். நிஜ ரயிலில் ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கிற அனுமதி வளையம் மாதிரி, அது கையில் இருந்தால்தான் டிரைவர் வண்டியை நகர்த்தலாம். டிரைவர், எங்கள் வீட்டுக்காரர். நிலம் நீச்சு உள்ள மனிதர், மீசைக்காரர். நூல் கட்டிய பவுடர் டப்பாவை இழுத்துக்கொண்டு மண்டிபோட்டு வருவார்.

"ஏன் தந்திக்காரரே, உன் ரயிலு புகையே வுட மாட்டேங்குதே?"

"நீங்க பீடி குடிக்கிறீங்களே, போதாதா?"

"மச்சில வைக்கோல் கீது" என்று அரக்கோணம் அதட்டியது. "பீடிய அணை. இல்லாட்டி எறங்கு."

வீட்டுக்காரர் அணைத்தார். அரக்கோணத்துக்கு மறுக்கத் தெரியும். திருத்தணிக்குத்தான் தெரியவில்லை. ஓடு கொதிக்கிற மதியங்களில், வேர்வை வழிய, நாங்கள் மாறி மாறிக் கேட்டோம். நான் பொன்பாடியிலிருந்து ஒரு சரக்கு வண்டியை அனுப்பி, திருத்தணி தாண்டி அரக்கோணம் போகிற பாதையில் நிறுத்திவைப்பேன். உடனே வீட்டுக்காரர் அரக்கோணத்திலிருந்து குரல் கொடுப்பார்: "கிருத்திகை ஸ்பெஷல் சார்! காவடிங்கல்லாம் வெயில்ல நிக்குது சார்!" இவர் பாதையைப் பார்ப்பார். நிற்கிற வண்டியைப் பார்ப்பார். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் முடிந்தது.

"ஆங்... வரட்டும்."

டப்பாவும் டப்பாவும் மோதும். வீட்டுக்காரர் உருண்டு சிரிப்பார். "எத்தினி பேர் செத்தாங்க பொன்பாடி?" என்று என்னைக் கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும், பயமும் வரும். இப்படி எத்தனை முறை மோதினோமோ, டப்பாவின் மூக்கு சப்பைமூக்காகிவிட்டது. தேர்வு நெருங்கியது. வயலில் கடலையும் முற்றிவந்தது. எது முந்துமோ என்று நான் தினமும் வயல்பக்கம் பார்த்தேன்.

அந்த மதியம் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். நாங்கள் மூவர்தான். பொன்பாடியிலிருந்து புறப்பட்ட வண்டி திருத்தணியைத் தாண்டி, அரக்கோணம் போகிற பாதையின் நடுவில் நின்றது. நான்தான் நூலை இழுத்துவிட்டேன். வெயில் சதுரம் அதன்மேல் விழுந்து டப்பா தகதகத்தது. அரக்கோணத்தில் கிண்ணம் இரண்டு முறை ஒலித்தது. மறுபடியும் இரண்டு முறை.

"நைனா" என்று மகனைக் கூப்பிட்டார் மாமியார். அதட்டல் இல்லை. இவருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வருகிற குரல். "முட்டி வலியோட ஏணி ஏறி வந்துகீறேன். காலைலேர்ந்து ஒக்காந்துகினு இருக்கேன். அம்மா வண்டி ஒண்ணே ஒண்ணு. அனுப்பட்டாடா?"

இது அநியாயம் என்று எனக்குத் தோன்றியது. தேர்வாளர்கூட இப்படிக் கேட்கமாட்டார். இவருடைய உதடு அந்த 'ஆங்'குக்குத் திறந்ததை நான் பார்த்தேன். தாடையிலிருந்து ஒரு வேர்வைத் துளி ஈர்க்கின்மேல் விழுந்தது. பிறகு, அன்றுதான் முதல்தடவையாக, இவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தார். நின்றுகொண்டிருக்கிற வண்டியை மட்டும் பார்த்தார்.

"இல்லம்மா."

"இன்னாடா?"

"லைன் காலி இல்லம்மா. நிக்கட்டும்."

மாமியார் கரண்டியைக் கிண்ணத்துக்குள் போட்டார். ஏணி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் முட்டி ஒரு சத்தம் போட்டது. இவர் எழுந்து பின்னால் ஓடப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே தட்டு வைக்கிற ஓசை, வைக்கிற ஓசையாக இல்லை. அன்று இவருக்குக் குழம்பு ஊற்றியது நான்தான்.

சாயங்காலமே வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. மூட்டை மூட்டையாகக் கடலை. மழை முந்திக்கொள்ளுமோ என்று வீட்டுக்காரர் கடலையை முன்னாலேயே பிடுங்கிவிட்டார். "தந்திக்காரரே, வானம் கறுத்துகினு இருக்குது. மச்சக் குடுத்துடு. ரயில சுருட்டி வச்சிக்கோ."

இவர் மேகத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. "பரீட்சை முடியட்டும். மூட்டைய எறக்க நானும் வரேன். மச்சு மட்டும் இப்போ இல்லீங்க."

வீட்டுக்காரர் வாய் திறந்தபடி நின்றார். பிறகு மீசை துடித்தது. "அட்ரா சக்கை! என் வூட்டு மச்ச எனக்கே இல்லேன்றான் பாரு. நான் சொல்லிக் குடுத்த வித்தைய எங்கிட்டயே காட்றான்!" என்று வண்டிக்காரனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மாட்டைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். மூட்டைகள்மேல் பாய் போட்டு மூடி முடிப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. இவர் தொப்பலாக நனைந்து வந்தார். கொண்டுபோன குடையை யாருக்கோ கொடுத்துவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, மூட்டைகளுக்குப் பிடித்திருக்கிறார்.

மறுக்கக் கற்றவர் என்னையும் விடவில்லை. பட்டணத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். "இல்ல. நீ வெளிய நின்னா நான் உன்னையேதான் நெனச்சிகினு இருப்பேன்" என்றார். கோபம் வந்தது. கோபத்தின் மேலேயே, பாலில் ஆடை படிவதுபோல, சந்தோஷமும் வந்தது.

தேர்வுக்குப் புறப்படுகிற விடியலில் மாமியார் தாமாகவே முக்காடு போட்டுக்கொண்டு வந்து இவர் தலையில் கை வைத்தார். அந்த மதியத்துக்குப் பிறகு இவரோடு அவர் சரியாகப் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்: "கர்த்தாவே, எம்புள்ளைக்கு வாய கட்டிக் குடுக்காத. இல்லேன்னு சொல்ற வாய குடு. எங்கிட்ட சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லட்டும். ஆமென்." இவர் அழுதுவிட்டார். "அழுதுகினு போனா வண்டி வுட்டுடும், கெளம்பு" என்றார் மாமியார், அடுத்த மூச்சில்.

அதே தேர்வாளர்தானாம். அதே இதமான குரலில், நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி வண்டியில் இருக்கிறாள் தம்பி என்றாராம். இவர் மேஜையை விட்டுக் கண்ணெடுக்காமல், "லைன் காலி இல்ல சார். எதிர் வண்டி வந்து சேர்ந்ததும் மொத வண்டி அவங்களோடதுதான்" என்றாராம். தேர்வாளர் எஞ்சின் எதையும் தூக்கவில்லை.

புத்தூர் போகிற வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இவரை உதவி ஸ்டேஷன் மாஸ்டராகப் போட்டார்கள். இவர் முன்னே போனார். மச்சிலிருந்து பாதையைப் பெயர்க்க மனம் வரவில்லை. பெயர்த்தாலும் ஏணிச் சந்தில் இறங்காது. "கெடக்கட்டும்மா. ரெண்டு பக்கமும் மூட்டை அடுக்கிக்கிறேன். லைன் மேல வெக்க மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர். சப்பைமூக்கு எஞ்சினை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பாத்திரங்கள், பெட்டி, கூடையில் ஒரு கோழி, மாமியார், நான். பாசஞ்சர் வண்டி பொன்பாடி தாண்டியது. மூலையில் முறத்துக்கடியில் நான் காவல் காத்த பொன்பாடி, நிஜத்தில் வேப்பமரமும் காற்றுமாக ஜன்னலைத் தாண்டி ஓடியது. நகரி மலைகள் நீலமாக எழுந்து கூடவே நடந்தன. என் மனசு வண்டிக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போது வண்டி நின்றது. ஸ்டேஷன் இல்லை, இரண்டு பக்கமும் கரும்பு. தூரத்தில் இவருடைய ஸ்டேஷனின் சிக்னல் கை படுத்த மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, சிவப்பாக.

வெயில் பெட்டிக்குள் ஏறியது. மிளகாய் மூட்டைக்காரர் ஒருவர் கத்த ஆரம்பித்தார். "எந்தப் புண்ணியவான்யா உள்ள ஒக்காந்துகினு கீறான்? மனுசங்க வேகுறது தெரியல? கைய எறக்குனா இன்னா கொறைஞ்சிடும்?"

மாமியார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிக்னலைப் பார்த்தார். நிதானமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கத்தாத. எதிர்ல வண்டி வந்துகினு இருக்கும். உள்ள கீறவன் எம்புள்ள. நான் கேட்டே அனுப்பல, நீ கேட்டா அனுப்பிடுவானா?"

பெட்டி முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காலடியிலிருந்த வெண்கலக் குடத்தை விரல் முட்டியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். சிக்னலைப் பார்த்தார். அது அசையவில்லை. கோழிக்கூடையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.