தாழம்பூ வாசனைக்கு ஒரு மெழுகுவர்த்தி

ராயபுரத்தில் ஒரு வாசனையை முகர்ந்து முடிவு செய்ய வேண்டுமானால் அதை விடியற்காலையில்தான் செய்ய முடியும். அப்போது காற்று ஊர்ப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். பதினோரு மணிவாக்கில் அது திரும்பிக்கொள்ளும். பிறகு காசிமேட்டுக் கருவாடும் துறைமுகத்து நிலக்கரியும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் ரோஜா எது, சம்பங்கி எது என்று யாராலும் சொல்ல முடியாது.

என் அக்கா எங்கள் வீட்டின் பின்கட்டில் வாசனை மெழுகுவர்த்தி செய்துகொண்டிருந்தாள். கணவர் இறந்த பிறகு என்னோடு வந்து இருந்தவள், கன்னியர் மடத்தில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். பாரிமுனைக் கிடங்கிலிருந்து பாளம் பாளமாக மெழுகு வரும். தண்டையார்பேட்டைத் தகரக்காரர் செய்துகொடுத்த குழல்கள்தான் அச்சு. நான் ஒரு நாளிதழில் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, எது கிளம்பியது, என்ன சரக்கு என்பதுதான் என் பத்தி. அதில் ஒரு எழுத்து தப்பாகப் போனாலும் மறுநாள் திருத்தம் போடச் சொல்வேன் என்று அலுவலகத்தில் என்னைக் கேலி செய்வார்கள்.

எந்த வாசனைக்கு எந்த நிறம் என்பதில் அக்கா பிடிவாதக்காரி. ஒருமுறை நல்ல ரோஜா அத்தரை வெள்ளை மெழுகில் ஊற்றினாள். வாங்கிப்போன ஆங்கிலோ இந்தியப் பெண்மணி மறுநாளே வந்து, வாசனையே இல்லை என்றாள். அடுத்த வாரம் அதே அத்தரை, அதே அளவில், இளஞ்சிவப்பு மெழுகில் ஊற்றிக் கொடுத்தாள். தலை சுற்றுகிறது, கொஞ்சம் குறைத்துப் போடக் கூடாதா என்று அதே பெண்மணி கேட்டாள். அதிலிருந்து மல்லிகைக்கு வெள்ளை, சந்தனத்துக்கு வெளிர் பழுப்பு, மருக்கொழுந்துக்குப் பச்சை என்று அக்கா ஒரு சட்டமே வைத்திருந்தாள். யாராவது மாற்றிக் கேட்டால், "வேற கடைக்குப் போ" என்பாள். வேறு கடை கிடையாது.

அந்த வருடம் கோடையின் முடிவில் எங்கள் பக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்த காய்ச்சல் என்று சொன்னார்கள். தெருவில் முக்கால்வாசிப் பேர் படுத்தார்கள். அக்காவும் பத்து நாள் படுத்தாள். எழுந்ததும் பழையபடி வேலைக்கு உட்கார்ந்தாள். ஒரே ஒரு மாற்றம் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அடர்த்தியான நிறம் எதுவும் போடவில்லை. சிவப்பு, நீலம், கரும்பச்சை எல்லாம் போய், எல்லாமே வெளிர் நிறங்களாக வந்தன. நான் கேட்டதற்கு, "சாயம் வெல ஏறிப்போச்சுடா" என்றாள்.

ஆவணி மாதம் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். மணி மூன்று இருக்கும். கடல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் நடக்கும்போதே கருவாடு நெஞ்சை அடைத்தது. பின்கட்டில் அக்காவும், எதிர்வீட்டுப் பெண் ஒருத்தியும் இருந்தார்கள். அக்கா ஒரு மெழுகுவர்த்தியை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, தலையை அசைத்தாள்.

"வாசன நல்லா எறங்கிக்கீது. எட்த்துகினு போ" என்றாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த நேரத்தில், அந்தக் காற்றில், எந்த மூக்கும் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அது அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

ஒரு சாட்சியை வைத்துச் செய்தி எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இரண்டு நாள் கழித்து, அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கமலா ஆரஞ்சை உரித்தேன். முன்பெல்லாம் தோலில் நகம் பட்டவுடனே திரும்பாமலே கையை நீட்டுவாள். அன்று நான் முழுப் பழத்தையும் தின்று முடித்தேன். அவள் திரி வெட்டிக்கொண்டே இருந்தாள்.

எப்படிச் சமாளிக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. உருகிய மெழுகில் அத்தர் ஊற்றுவதற்கு ஒரு கணம் உண்டு. அடுப்பிலிருந்து இறக்கியதும் மெழுகிலிருந்து மண்ணெண்ணெய் போல ஒரு பச்சை நாற்றம் எழும். அது அடங்கும் கணத்தில் ஊற்ற வேண்டும். முன்னால் ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். பின்னால் ஊற்றினால் மெழுகில் கலக்காமல் எண்ணெய்த் துளியாக நிற்கும். இதை அவள் மூக்கால் அறிந்துகொண்டிருந்தாள். மூக்கு போனபின் கண்ணால் பிடித்தாள். வெளிர் மெழுகாக இருந்தால், அந்தக் கணத்தில் பாத்திரத்தின் ஓரத்தில் நூல் போல ஒரு மங்கல் விழுவது தெரியும். அடர்ந்த நிறத்தில் அது தெரியாது.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்வது? தர்ம ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம், யாரோ ஒருவருக்கு என்று சொல்லி விசாரித்தேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, மருந்து இல்லை என்றார். மூன்றும் உண்மையான தகவல்கள். மூன்றாலும் எந்தப் பயனும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி வந்தாள். காசிமேட்டுக்காரி, எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாகக் கூடை கொண்டுவருபவள். அதே காய்ச்சலில் அவளுடைய ஒரே மகள் இறந்திருந்தாள். பதினேழு வயது. கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"எக்கா, எம் பொண்ணு கல்லறைல வைக்க ஒரு வத்தி வோணும். தாழம்பூ வாசன வரணும்."

"தாழம்பூவா?"

"சடைல எப்பவும் அத்தான் வெச்சிகினு இருப்பா. காட்டுப்பள்ளிலேர்ந்து எங்க அண்ணன் கொண்டாருவாரு. அவ போனப்புறம் தலகாணிய மோந்துகினே கெடந்தேன். இப்ப அதுலயும் இல்ல. என் மீன் நாத்தந்தான் கீது." உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். "மொகம் ஞாபகம் கீது. வாசன மறந்துகினே வருதுக்கா."

"செய்யலாம்" என்றாள் அக்கா. "தாழம்பூவுக்கு வெளிர் மஞ்சளு. மடல் உள்ளாற இருக்குமே, அந்தக் கலரு."

"இல்லக்கா. கத்திரிப்பூக் கலரு. கடைசியா கட்டிகினு இருந்த தாவணி."

"கத்திரிப்பூல தாழம்பூ வாசன எட்க்காதும்மே. பாக்கறவங்க நம்பமாட்டாங்க."

"யாரு பாக்கணும்? அவ பாத்தா போதும்."

மற்றவர்களானால் அக்கா வேறு கடைக்குப் போகச் சொல்லியிருப்பாள். அவள் எதற்காக வெளிர் மஞ்சளுக்கு மன்றாடினாள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

"சரி, கத்திரிப்பூ" என்றாள்.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில் அத்தர் விற்கும் பாயிடம் போனேன். பூவின் பருவம் முடிந்திருந்தது. வடக்கிலிருந்து வரும் அத்தர்தான் கதி. பாய் ஒரு சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத்தினிதான் கீது தம்பி. அடுத்த சரக்கு எப்போன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். பிரியாணில ஊத்தவேண்டியத்த மெழுகுல ஊத்துறீங்களே, உங்க அக்கா பேஜாரான ஆளுப்பா. அவங்கள ஒருநாள் வந்து மோந்து பாத்து எடுக்கச் சொல்லு. முன்னெல்லாம் பத்து குப்பிய தொறக்க வெச்சு என் உயிர வாங்குவாங்க. இப்ப ஏன் வர்றதில்ல?"

"வேலை அதிகம்" என்றேன்.

அக்கா மறுநாள் விடியற்காலையில் மெழுகு காய்ச்சினாள். சாயப்பொடியைப் போட்டதும் மெழுகு கத்திரிக்காய்த் தோல் போல ஆயிற்று. பாத்திரத்தை இறக்கி வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தாள். விளக்கை அருகே இழுத்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தேன். பச்சை நாற்றம் இன்னும் காட்டமாக இருந்தது. இப்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. சொன்னால் உன் மூக்கு போனது எனக்குத் தெரியும் என்று சொன்னதாகும். அந்த நொடியில் அவள் பாதிக் குப்பியை ஊற்றிவிட்டாள். அறை முழுவதும் தாழம்பூ எழுந்தது. என் தொண்டை வரை வந்தது. பிறகு ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

மெழுகு இறுகியபின் குழலைத் தட்டி எடுத்து என்னிடம் நீட்டினாள். காற்று இன்னும் திரும்பவில்லை.

"எப்டிடா கீது?"

முகர்ந்தேன். கருகிய எண்ணெய் வாசனையும், அடியில் எங்கோ ஈர ஓலை போல ஏதோ ஒன்றும் இருந்தன. அது தாழம்பூ இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அன்று மத்தியானம் நான் எழுதிய பத்தியில் ஒரு கப்பலின் சரக்கு எடையைச் சரிபார்க்கத் துறைமுக அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன்.

மறுநாள் காலையில் மீன்கார அம்மாள் வந்தாள். கையை இரண்டு முறை புளி போட்டுக் கழுவிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மெழுகுவர்த்தியை வாங்கி முந்தானையில் வைத்து, குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"எம் மூக்குலதான் மீனு கீதோ, இன்னாவோ" என்றாள். "எனக்கு வர்ல எக்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. இத்தனை நாளாக எனக்குத் தெரிந்திருக்கிறது என்பதை அவள் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டேன்.

"உம் மூக்கு நல்லாத்தான் கீது" என்றாள் அந்த அம்மாளிடம். "எனக்குத்தான் போச்சு. காய்ச்சல்ல போனது. அஞ்சு மாசம் ஆவுது."

"அப்ப இந்தத் தம்பி மோந்து பாக்கலியா?"

"பாத்தான். நல்லா இருக்குன்னான். பேப்பர்ல எழுதறவனாச்சே."

மீன்கார அம்மாள் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அவள் மெழுகுவர்த்தியை வாங்கி, இரண்டாக ஒடித்துப் பாத்திரத்தில் போட்டாள். திரியை உருவி எடுத்தாள். அடுப்பை மூட்டிவிட்டு, ஒரு மணையை எடுத்து அதன் பக்கத்தில் போட்டாள்.

"இங்க குந்தும்மே. பாத்திரத்துகிட்ட மொகத்த வெச்சுக்கோ. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

குப்பியில் பாதிதான் மிச்சம் இருந்தது. மெழுகு உருகியதும் பாத்திரத்தை இறக்கி இருவருக்கும் நடுவில் வைத்தாள். இந்த முறை மெழுகின் ஓரத்தைப் பார்க்கவேயில்லை. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள். ஒரு துளி விட்டாள். அந்த அம்மாளின் மூக்கு சுளித்தது. அக்கா காத்திருந்தாள்.

"இன்னும் சூடு இருக்கு" என்றேன் நான். அது உண்மை. யாரும் திரும்பவில்லை.

இரண்டாவது துளி. அந்த அம்மாள் புருவத்தை நெரித்து, தொலைவில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் போலத் தலையைத் திருப்பினாள். அக்கா காத்திருந்தாள். வெளியே மீன்கூடையைச் சுற்றிப் பூனை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அதை விரட்ட ஒருவரும் எழவில்லை. மூன்றாவது துளி விழுந்தபோது அந்த முகம் கலைந்தது. வாய் கோணிற்று, சத்தம் வரவில்லை. எனக்கும் வாசனை எட்டியது. ஆனால் அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா மிச்சக் குப்பியை அப்படியே கவிழ்த்து, ஒரு முறை கலக்கி, குழலில் ஊற்றினாள். ஊற்றி முடிக்கும்வரை அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மெழுகு இறுகும் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். போய்வருகிறேன் என்று சொன்னதாக ஞாபகம். பதில் வந்ததாக ஞாபகம் இல்லை.

அக்காவுக்கு வாசனை திரும்பவில்லை. அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து அவள் ஒரு புது ஏற்பாடு செய்தாள். மெழுகுவர்த்தி வேண்டுமென்று வருபவர்கள் அடுப்புப் பக்கத்தில் உட்கார வேண்டும். அடர்ந்த நிறங்கள் திரும்ப வந்தன. கூட்டமும் குறையவில்லை, தாங்களே தேர்ந்தெடுத்த வாசனை என்று பலர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். டாக்டரிடம் போகலாமா என்று நான் இரண்டு முறை கேட்டேன். பார்க்கலாம் என்றாள். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சோறு போட்டாள், சட்டை தைத்தாள், ராத்திரி அந்தோணியார் கோவில் பூசைக்கு என்னோடுதான் நடந்து வந்தாள்.

எப்படி இருக்கிறது என்று மட்டும் அவள் என்னைக் கேட்கவில்லை. ஒரு காலையில் நானாகவே, "ரோஜா கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்றேன். சரியாகத்தான் சொன்னேன். "அப்டியா" என்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு துளி விட்டாள்.