ஸில்லா வாங்கிய சிரப்

ஸில்லா ஹாலம் எனக்கு அடுத்த வீடு. அவள் இருமினால் என் வீட்டில் கேட்கும். நாட்டிங்ஹாமில் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்த எங்கள் பெண்கள் எல்லோருக்கும் லேஸ்தான் பிழைப்பு. ஆலையில் நெய்த வலைத்துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் ஊசியால் பூவும் கொடியும் ஓட்டுவோம். ஒரு சட்டத்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஸில்லா. வேலை கொண்டுவந்து கொடுப்பவள் பீட் அம்மாள். சனிக்கிழமைக்குள் துணி முடியவில்லையென்றால் மறுவாரம் வேறு முற்றத்துக்குப் போய்விடுவாள்.

ஸில்லாவின் புருஷன் ஈனாக் வேலை தேடி லெஸ்டர் பக்கம் நடந்து போயிருந்தான். ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அவளும் எட்டு மாதக் குழந்தை ஃபீபியும்தான்.

முற்றத்தில் குழந்தைக்குச் சிரப் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான். சிரப் என்றால் கரும்புப்பாகில் அபின் கரைத்தது. காலையில் ஒரு ஸ்பூன் ஊற்றினால் பிள்ளை மத்தியானம்வரை தூங்கும். தாய்க்கு இரண்டு கையும் கிடைக்கும். ஸில்லாவுடையது, குடிக்கமாட்டோம் என்று கோயிலில் சத்தியம் செய்த குடும்பம். பீர்கூட அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, முழங்காலால் ஆட்டிக்கொண்டே ஊசி ஓட்டுவாள்.

பீட் அம்மாள் ஒரு கல்யாண முக்காட்டைக் கொண்டுவந்த அன்று ஃபீபி அழுதபடியே இருந்தது. பல் முளைக்கிற நேரம்.

"இத வெச்சுக்கிட்டு எப்படிடி முடிப்ப?"

"முடிச்சிருவேம்மா."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு. கை காஞ்சு கெடக்கறவளுங்க ஊர்ல நெறைய பேர் இருக்காளுங்க."

ஸில்லா அன்றைக்குத்தான் முதல் சிரப் வாங்கினாள். கிழட்டு மருந்துக்காரரிடம். அவர் சரக்கு எங்களுக்குப் பழக்கம். ஒரு ஸ்பூன் என்றால் ஒரு ஸ்பூன். முக்காடு பாதி முடிந்தபோது அவர் படுத்த படுக்கையாகிக் கடையை மூடிவிட்டார். தெருமுனையில் ராக் என்று ஒருவர் புதிதாகக் கடை திறந்தார். ஸில்லா அங்கே வாங்கி, அதே ஒரு ஸ்பூனைக் கொடுத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வெயில் ஏறியும் தொட்டிலில் சத்தமில்லை.

"இன்னிக்கு நல்லாத் தூங்குது," என்றாள். சிறிது நேரம் கழித்து எழுந்து போய்ப் பார்த்தவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"தூங்க விடாத. தூக்கிக் குலுக்கு. யாராவது காப்பி போடுங்கடி," என்று கத்தினேன்.

முற்றமே கூடிவிட்டது. கறுப்புக் காப்பியை ஸ்பூனால் புகட்டினோம், கடைவாயில் வழிந்தது. பச்சைத் தண்ணீரை முகத்தில் அடித்தோம். கையில் எதுவும் அகப்படாமல், என் கச்சையை இழுத்துக் கட்டியிருந்த நாடா லேஸை உருவி, மடித்துப் பிடித்து, அந்தப் பிஞ்சு உள்ளங்காலில் விளாசினேன். ஃபீபி ஒருமுறை கண்ணைத் திறந்து முனகியது.

"அடி, இன்னும் அடி," என்று ஸில்லா கெஞ்சினாள். "முழிச்சிருச்சு பாரு, அடி."

அடித்தேன். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

சாவு விசாரணை, வழக்கம்போல, ஒரு சாராயக் கடையின் மாடியில் நடந்தது. அப்படி ஓர் இடத்தின் படியை ஸில்லா ஏறியது அதுதான் முதல் தடவை. ராக் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொல்லித்தான்யா குடுத்தேன். லேஸ்காரம்மாவுக்குன்னே நல்லா லேஸ் போட்டு வெச்சிருக்கேன்னேன். அந்தம்மாவும் சிரிச்சிச்சு."

விசாரணை அதிகாரி ஸில்லா பக்கம் திரும்பினார். "சொன்னாராம்மா?"

"சொன்னாருய்யா. எந்தொழில வெச்சுத் தமாஷ் பண்றாருன்னு நெனச்சேன்."

"காப்பியில பிராந்தி ஊத்தினா அதையும் லேஸ் போட்டதுன்னு சொல்றதுண்டு. துணியோரத்துல ஜரிகை ஓடற மாதிரி, குடிக்கறதுல சரக்கு ஓடுது. அந்த அர்த்தத்துல சொல்லியிருக்கார்."

"எங்க வீட்ல யாரும் குடிச்சதில்லய்யா. லேஸுன்னா எனக்குத் துணிதான்."

படித்தவரான அதிகாரிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. ஜூரிகள் பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் சுருக்குக் கண்ணி என்று அர்த்தமாம், பறவை பிடிக்கப் போடுவது. பிரெஞ்சுக்காரர்கள் வழியாக இங்கே வந்து முதலில் கயிறு ஆயிற்றாம். சட்டையையும் பூட்ஸையும் இழுத்துக் கட்டுகிற நாடா. பிறகு நூலை முடிந்து முடிந்து போடுகிற பின்னலுக்கும் அதே பேர். கசாப்புக்கடைக்கார ஜூரி ஒருவர், "ஒருத்தன நல்லா வெளாசறதுக்கும் அதத்தான்யா சொல்றோம்," என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸில்லா எழுந்தாள். "ஐயா, அபின் ஜாஸ்தின்னு அவர் சொன்னாரா, இல்லையா?"

"அந்த வார்த்தையில சொல்லல."

"அந்த வார்த்தையில சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்."

தவறுதலாக நேர்ந்த சாவு என்று எழுதி முடித்தார்கள்.

முக்காடு இன்னும் பாக்கி இருந்தது. புதைத்த மறுநாளே ஸில்லா சட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தையும் சேர்த்து ஓட்டுகிறேன் என்றேன், விடவில்லை. பீட் அம்மாள் வந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரம் ஓர் இடத்தில் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு ஸில்லா லேஸைத் தொடவில்லை. ஊரார் துணி துவைத்தாள். சனிக்கிழமைகளில் ராக் கடை வாசலில் நின்று, புட்டியோடு வெளியே வருகிறவர்களிடம், "இதுல அபின் ஜாஸ்தி. அரை ஸ்பூன் குடு," என்பாள். கொடுக்காதே என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை. ராக் கத்துவார், போலீஸ்காரர் நகர்த்துவார், அவர் தலை மறைந்ததும் திரும்ப வந்து நிற்பாள்.

"உம் புள்ளய முழுங்கிட்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஆமா. அரை ஸ்பூன்."

எனக்கும் அந்த வருஷம் கைக்குழந்தை இருந்தது. நானும் அரைதான் கொடுத்தேன்.

ஈனாக் இலையுதிர் காலத்தில் திரும்பினான். வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போல. வந்தவன் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்," என்று ஸில்லா என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த ஆண்டு இருவரும் லெஸ்டருக்குப் போய்விட்டார்கள். அங்கே சாயப்பட்டறையில் நூல் அலசுகிறாள், ஈரத்தில் நின்று கால் வீங்கிப் போயிருக்கிறது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.