ஆளுக்கொரு கை

என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்த பிறகுதான் விமானம் ஓட்டும் வேலை என் தலையில் ஏறியது. நிஜ விமானம் இல்லை. கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ரேடியோவில் ஓட்டுகிற பொம்மை விமானம். பொம்மை என்று சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். அதனாலேயே இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போவார். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டி, பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்துப்போன நான் அந்த ஒரு நாள் நிம்மதியாகப் படுத்திருப்பேன். அவர் வழிக்கு நான் போனதில்லை, என் வழிக்கு அவர் வந்ததில்லை.

கடைசியாக அவர் செய்தது ஒரு வெள்ளை விமானம். குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு வருடத்துக்கு மேல் அது பிடித்துக்கொண்டது. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். தக்கை போன்ற மெல்லிய மரத்தைச் சீவிச் சீவி ஒட்டினார். அதன் மேல் வெள்ளைத் தாளைப் போர்த்தி, என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்த்து விறைப்பாக்கினார். இறக்கை மட்டுமே என் உயரத்துக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி அதோடு போயிற்று. முதல் தடவையாக அதைப் பறக்கவிடும் ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் குளியலறையில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் கால் கொஞ்சம் கொஞ்சமாக, கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு வந்தது. கை வரவில்லை. பேச்சு, வாய் திறந்தால் ஒரு சொல்லாக வந்தது. தொழிற்சாலையில் மின்சாரப் பழுது பார்த்த மனிதர், சாப்பிட உட்கார்ந்தால் மோட்டாரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார். ‘வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க’ என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அதே வாய் ஒரு சொல்லைத் தேடித் தடவுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். இந்த வாதம் இன்னொரு தடவை வந்தால் கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும்தான் சொன்னார். இருவரும் தலையாட்டினோம். அப்புறம் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளை விமானத்தைக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். காலையிலிருந்து அவர் நாற்காலியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூரைக் காற்றாடியைப் போட்டால் அது லேசாக அசையும்.

திடலில் அவரோடு பறக்கவிடுகிறவர்களில் ஒருவர் சிலிபினில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். எங்களுக்கு அவர் பாய். ஒரு நாள் ரொட்டிச் சானாய்ப் பொட்டலத்தோடு வந்தவர் மேலே பார்த்தார்.

“அண்ணே, நான் ஒரு தடவ ஏத்தி எறக்கித் தாரேன். ஒங்க கண்ணால பாத்துருங்கலா. சும்மா தொங்குதே.”

இவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். “இவ.”

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

“எனக்கு என்னங்க தெரியும்? பாயே ஓட்டட்டும். கை பழகுனவரு.”

“இவ,” என்றார் மறுபடியும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் விழுந்த நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் விழுங்குவார். அவர் ஒன்றைக் கேட்டபோது முடியாது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் போனில் சொன்னேன். “அம்மா, நீங்க வேன ஒழுங்கா ஓட்டுங்க, போதும்,” என்று சிரித்தான்.

திடல் என்பது ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பந்து விளையாடிய இடம். என் அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டம்தான். மரங்கள் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது, கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள், கோயிலும் திடலும் மிச்சம். அதை நினைத்து உருகுகிறவர்கள் உண்டு. நான் இல்லை. மழை பெய்தால் லயத்து வீட்டில் எத்தனை சட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது அது மாடு சாணி போடுகிற, மூன்று பக்கமும் செம்பனை நிற்கிற பச்சைத் தரை, அவ்வளவுதான்.

பழகுவதற்கு அவருடைய பழைய விமானத்தை எடுத்தோம். மீன் வரும் வெள்ளைப் பெட்டியைச் செய்கிற சாமானில் செய்தது, உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம். பெட்டியில் இரண்டு குச்சிகள். இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சி ஏற்ற, இறக்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்க. கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? முதல் நாள் நாலு தடவை விழுந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏத்து’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவருவதற்குள் விமானம் தரையில் கிடக்கும். “ஏ... ஏத்து,” என்பார், நான் அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மாட்டை விரட்டினேன்.

மூன்றாவது வாரம் நாற்காலியைத் தட்டினார். “இங்க.” பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். இடது குச்சியில் தன் இடது கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பாய்க்குத்தான் முதலில் புரிந்தது. “அக்கா, ஆளுக்கொரு கைலா! அண்ணன் வேகத்தப் பாத்துக்குவாரு, நீங்க திருப்புங்க.”

பாயே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு, எங்கள் முழங்கால்களின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்தார். என் வீட்டுக்காரரின் இடது கை இடது குச்சியில், என் வலது கை வலது குச்சியில். என் இடது கை பெட்டி நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும். ஒருவர் வேகத்துக்கு எண்ணெய் மிதிக்க, இன்னொருவர் ஸ்டீயரிங் பிடித்துப் போகும் வேனை நினைத்துப் பாருங்கள். திருமணமாகி முப்பது வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். சண்டை வராமல் இருக்குமா?

“மெதுவாப் போங்கன்னா!”

“நீ... திருப்பு.”

இதற்கு மேல் ஒரு வம்பு இருந்தது. விமானம் நம்மை விட்டுத் தள்ளிப் போகும்போது இடது இடதுதான், வலது வலதுதான். நம்மைப் பார்த்துத் திரும்பி வரும்போது எல்லாம் மாறிவிடும். இடப்பக்கம் போக நினைத்துத் தள்ளினால் அது வலப்பக்கம் போகும். வேனைப் பின்னால் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அந்தத் திமிர் எல்லாம் செம்பனை உச்சியில் போய் மாட்டியது. பாய் நீளக் கம்பைக் கட்டி எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “வாழ,” என்றார். குலை தள்ளிச் சாய்ந்து நின்ற வாழைக்கு நான் கம்பு கொடுத்திருந்தேன். “வாழ... முட்டு,” என்று கம்பைக் காட்டி, கையை இறக்கை மாதிரி விரித்து ஒரு பக்கம் சாய்த்தார். கொஞ்ச நேரம் விழித்தேன். பிறகு புரிந்தது. வாழை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தானே முட்டுக் கொடுப்போம்? எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் அது நிமிரும். இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். அதற்குப் பிறகு விழுவது குறைந்தது.

வீட்டிலும் அவர் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். தண்ணீரை எங்கே மூடுவது, மின்சாரம் போனால் சுவரில் இருக்கும் பெட்டியில் எந்தச் சுவிட்சைத் தூக்கிவிடுவது, அடுப்புக்குக் கேஸ் தோம்பு காலியானால் எப்படி மாற்றுவது. நான் செய்து முடிக்கும்வரை கம்பை ஊன்றி நின்று பார்ப்பார். ‘கை விழுந்தாலும் அதிகாரம் விழல’ என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

ஞாயிறுகள் பழகின. நான் நினைக்கும்போதே அவர் வேகத்தைக் குறைப்பார். அவர் குறைக்கும்போதே நான் திருப்பியிருப்பேன். பேச்சே வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமையே ஞாயிறை எதிர்பார்க்கத் தொடங்கினேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

அப்படி ஒரு வருடம் போகும்போது ஒரு காலையில் கூடத்தின் மேலே காட்டினார். “அது.”

வெள்ளை விமானத்தை இறக்கித் துடைத்து, மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். திடலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளினேன். நசுக்க அதற்குக் கனம் போதவில்லை, பழத்தின் மேல் ஏறி நின்றது. பாய் சிரித்துக்கொண்டே காலால் மிதித்து நசுக்கினார். வாலில் ஒரு முழம் மல்லிகையும் கட்டினேன். இவர் ஒற்றைக் கையால் அதை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். “வால்... கனம்.” நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

நாற்காலிகள், பலகை, பெட்டி. அவர் வேகத்தை ஏற்றினார், அது புல்லில் ஓடியது, நான் மெல்ல இழுத்தேன். எழுந்தது. பழைய விமானத்தைப் போல ஆடவில்லை, அலையவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு முன்னால் வெள்ளையாக வளைந்து திரும்பியது. பாய் கைதட்டினார். இரண்டு சுற்று போனது.

மூன்றாவது சுற்றில் அவர் கையை எடுத்தார்.

எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க? கைய வைங்க!”

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேகத்த யாருங்க பாக்குறது? கைய வைங்கன்னா!”

வேனுக்குக் குறுக்கே வரும் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கென்று நான் வைத்திருக்கும் வார்த்தைகள் எல்லாம் அவர்மேல் விழுந்தன. திரும்பி முதுகில் ஒன்று போடலாம் என்றால் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஒரு வருடம் கண் முன்னால் செய்த பொருள், ஒரு வருடத்துக்கு மேல் தொங்கிய பொருள், அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அது என் ஒருத்தி கையில் இருந்தது.

பாய் ஓடி வந்தார். “அலாமாக்! அக்கா, நான் எடுக்கவா?”

“எடுங்க பாய், எடுங்க!”

“விடு,” என்றார் என் வீட்டுக்காரர். விழுந்ததிலிருந்து அவர் இவ்வளவு தெளிவாக ஒரு சொல்லைச் சொன்னதில்லை.

பாய் நீட்டிய கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். “அண்ணன் வேணாங்கிறாரே, அக்கா...”

வேகம் அவர் விட்ட இடத்திலேயே நின்றது. சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். அது பறந்துகொண்டே இருந்தது, எனக்குத் தனியாக இறக்கத் தெரியவில்லை. அழுகையில் பார்வை மங்கியது, துடைக்கவும் கை இல்லை. ஆறு நிமிடம் ஆனதும் பெட்டி கத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகு பேட்டரி அதிக நேரம் தாங்காது.

பெட்டியைப் பிடித்திருந்த என் இடது கையை எடுத்து அந்தக் குச்சியில் வைத்தேன். அதில் அவர் கைச் சூடு இருந்தது. கொஞ்சம் இழுத்தேன். அதிகமாகிவிட்டது, விமானம் கல்லாக இறங்கியது. தள்ளினேன், எழுந்தது. கோயிலுக்கு மேலே திருப்பி, எங்களைப் பார்த்து வரவிட்டேன். ஓர் இறக்கை தாழ்ந்தது. வாழை, வாழை என்று வாய்விட்டுச் சொன்னேன். நிமிர்ந்தது. வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், புல்லில் ஒரு தடவை குதித்து, ஒரு சக்கரம் பிய்த்துக்கொண்டு பறக்க, இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

பாய் அதை நோக்கி ஓடினார். என் வீட்டுக்காரர் விமானத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிக்கக் கூடிய பாதி சிரித்தது.

“ஏன் கைய எடுத்தீங்க?”

அவர் வாய் திறந்து தேடத் தொடங்கியது. எழுந்து போவதற்கு அங்கே அடுப்படி இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“எப்பயாச்சும்... எடுக்கணும்லா.”

தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி, கேஸ் தோம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தே அழுதேன். பாய் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “சக்கரந்தான் அக்கா, ஒட்டிறலாம்,” என்று ஆறுதல் சொன்னார். பாவம், நான் சக்கரத்துக்காக அழுவதாக நினைத்துவிட்டார்.

வேனில் அவரை ஏற்றி உட்காரவைத்தேன். எனக்கு இடப்பக்கம் அவர். அவருடைய வலது கை, விழுந்த கை, எப்போதும் கியர்ப் பக்கம் சரிந்து கிடக்கும். கிளம்புவதற்கு முன்னால் அதை எடுத்து அவர் மடியில் போடுவது என் வழக்கம். அன்று மடியில் போடவில்லை. கியரின் தலைமேல் அதை வைத்து, அதன் மேல் என் கையை வைத்து, குனோங் ராபாட் வரைக்கும் அப்படியே கியர் மாற்றிக்கொண்டு வந்தேன். அந்தக் கையை அவரால் எடுக்க முடியாது.