ஆசிரியர் தொகுதியில் ஒரு செல்லாத ஓட்டு

தமிழ்நாட்டில் மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதிகள் உண்டு. உயர்நிலைப் பள்ளியிலும் அதற்கு மேலும் பாடம் நடத்தியவர்கள்தான் வாக்காளர்கள். முத்திரை குத்தக் கூடாது. பிடித்த வேட்பாளருக்கு நேரே 1, அடுத்தவருக்கு 2 என்று எண் எழுத வேண்டும். எண்பத்தாறில் மேலவையோடு அந்தத் தொகுதிகளும் போயின.

எங்கள் பக்கத்துத் தொகுதியின் கதையை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் மலருக்காக எழுத ஒப்புக்கொண்டேன். அதற்காக ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு, பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவரும் பெரியம்மாவும் ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

பெரியப்பா ஒரு வேட்பாளருக்காகக் கான்சாபுரம் வரை சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டவர். எண்ணிக்கையின்போது ஏஜெண்டாகவும் உட்கார்ந்திருந்தார். தங்கள் வேட்பாளருக்கு நேரே, விடைத்தாளில் போடுவதுபோல் டிக் போட்ட சீட்டு ஒன்று வந்தது. செல்லாது என்று ஒதுக்கினார்கள். வேட்பாளரும் தோற்றார். அது வத்திராயிருப்பிலிருந்த தம் ஆசிரிய நண்பரின் வேலை என்று, ஆதாரம் இல்லாமலே, பெரியப்பா முடிவுகட்டினார். கல்யாண வீடுகளில்கூட அவரை "டிக் வாத்தியார்" என்றே கூப்பிட்டார். பொறுத்துப் பார்த்த நண்பர் ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார்.

"அதை அடிச்சிரு. டிக் போட்டது நான்தான்."

பள்ளிக்கூடத்துப் போர்டில் எண் எழுதிக் காட்டி மற்ற ஆசிரியர்களுக்குப் பழக்கியதே பெரியம்மாதான்.

"உள்ள போயி சரியான பேரைப் பாத்தேன். கை தன்னால டிக் போட்டுருச்சு."

பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அவனை நான் ஏசுறப்பல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"இருந்தேன். தப்புதான். சொல்லியிருந்தா என்னைத்தான ஏசியிருப்பீக. ஆனா அச்சுல ஏறிட்டா அவிய பேரப்பிள்ளைக படிக்கும்லா."

பெரியப்பா நண்பருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏலே, அந்த டிக் நீயில்ல. எங்க வீட்டு டீச்சர்."

"நான் கணக்கு வாத்தியாருலே. ஒன்னு எழுதத் தெரியாதான்னு அன்னைக்கே கேட்டேன்லா?"

"கேட்ட. நான்தான் நம்பல. வீட்டுக்கு வாலே."

"டீச்சர் கூப்பிடட்டும், வாரேன்."

பெரியம்மா கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு நால்வருமாகச் சாப்பிட்டோம். திருத்திய பக்கத்தை நண்பர் இரண்டு முறை படித்தார். பெரியம்மா பேசாமல் இருந்திருந்தால் பழி நண்பர் பேரிலேயே அச்சேறியிருக்கும், என் கையெழுத்தோடு. அன்றைய நாட்குறிப்பில் பெரியம்மாவுக்கு நன்றி என்று மட்டும் எழுதினேன்.